பூசணம் செய்த காந்தம்

வாழையைச் சாகடிக்கும் பூசணத்தை வைத்துக் காந்தத் துணுக்குகள் செய்து காட்டினார்கள் புனே விஞ்ஞானிகள். புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டதாகப் பலரும் எழுதினார்கள். குடுவைக்கும் கட்டிக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

ரஸ்தாளி பயிரிட்டவர்களுக்கு அந்த அறிகுறிகள் மனப்பாடம். முதலில் அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகும். அடுத்துக் காம்பு ஒடிந்து, காய்ந்த இலைகள் மரத்தைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே செம்பழுப்பு வளையங்கள். அந்த நிலைக்கு வந்த வாழையைப் பிழைக்க வைக்க வழியில்லை. தோண்டி எடுத்து எரிப்பதோடு சரி. வாடல் நோய் என்று விவசாயிகள் சொல்லும் இந்த அழிவுக்குக் காரணம், மண்ணில் வருடக்கணக்கில் பதுங்கியிருக்கும் ஃப்யூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற பூசணம். வாழைக்கு ஒரு ரகம், தக்காளிக்கு ஒரு ரகம், கொண்டைக்கடலைக்கு ஒரு ரகம் என்று பயிருக்குப் பயிர் தனி ஆள் வைத்திருக்கும் குடும்பம் இது.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பூசணம் ஒன்றுக்குப் புனேயில் வேறு உத்தியோகம் கிடைத்தது. பாஷான் பகுதியில் உள்ள தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்தில், இரும்பு உப்புகள் கரைந்த நீரில் அதைப் போட்டுக் குலுக்கினார்கள். உலை இல்லை, உயர் அழுத்தம் இல்லை. அறை வெப்பநிலையிலேயே, தன் உடலுக்கு வெளியே, சாதாரண நுண்ணோக்கிக்குக் கூட அகப்படாத காந்தக் கல் துணுக்குகளை அது உண்டாக்கியது. முரளி சாஸ்திரி, அப்சர் அகமது ஆகியோரும் அவர்களது மாணவர்களும், மும்பை பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானி உள்ளிட்ட சகாக்களும் 2006-ல் ‘ஸ்மால்’ என்ற ஆய்விதழில் இதை அறிவித்தார்கள்.

துணுக்கின் பெயர் மேக்னடைட். தமிழ்நாட்டுக்குப் புதிய சரக்கல்ல. சேலம் கஞ்சமலையில் பாறை பாறையாகக் கிடக்கும் காந்த இரும்புத் தாது இதேதான். ஒரு பங்கு ஒருவகை இரும்பு அயனி, இரண்டு பங்கு இன்னொரு வகை, இவற்றோடு ஆக்ஸிஜன். பாறையாக இருக்கும்போது அது வெறும் காந்தக் கல். ஆனால் அதையே 20 அல்லது 30 நானோமீட்டருக்குக் கீழே சிறிதாக்கினால் குணம் மாறிவிடுகிறது. (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர்.) வெளியே ஒரு காந்தம் இருக்கும்வரை அந்தத் துகளும் காந்தம். வெளிக் காந்தத்தை எடுத்துவிட்டால் தான் காந்தம் என்பதையே மறந்துவிடுகிறது. ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொண்டு ரத்தக் குழாயை அடைக்கும் அபாயம் குறைகிறது. மருத்துவர்களுக்கு இந்த மறதிதான் பிடித்திருக்கிறது.

அதை வைத்து என்ன செய்யலாம்? எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியைத் துலக்கமாகக் காட்டலாம். மருந்தை அதன் மேல் ஏற்றி அனுப்பலாம். எல்லாவற்றையும்விட அதிகம் பேசப்படுவது சூடு. வினாடிக்கு ஒரு லட்சம் தடவை திசை மாறும் காந்தப் புலத்தில் இந்தத் துகள்களை வைத்தால், ஒவ்வொரு தடவையும் அவற்றின் காந்தத்தன்மை புரண்டு கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் போராட்டத்தில் சூடேறுகிறது. கட்டிக்குள் துகள்கள் இருந்தால் கட்டி மட்டும் 43 டிகிரி செல்சியஸ் வாக்கில் காய்ச்சல் காணும். தாறுமாறாக வளர்ந்த ரத்தக் குழாய்களைக் கொண்ட கட்டியால் அந்தச் சூட்டை எளிதில் வெளியேற்ற முடியாது. சூடான செல்களைக் கதிர்வீச்சும் சுலபமாகக் கொல்லும். யோசனை பழையது: சிகாகோவைச் சேர்ந்த கில்கிறிஸ்ட் என்ற அறுவை மருத்துவரும் அவரது குழுவினரும் 1957-லேயே நாய்களின் நிணநீர்க் கணுக்களில் இரும்பு ஆக்ஸைடு துகளைச் செலுத்திச் சூடேற்றிப் பார்த்துவிட்டார்கள்.

இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டதாகவும், சுமார் 9 லட்சம் பேர் அதனால் இறந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. இந்த எண்களுக்குப் பக்கத்தில் ‘வேப்பிலையிலிருந்து புற்றுநோய்க்கு நானோ மருந்து’ என்று யாராவது எழுதினால், படிப்பவரின் கண் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் அந்தக் குடுவைக்குள் உண்மையில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தேசிய ரசாயன ஆய்வுக்கூடம் 1950 ஜனவரியில் ஜவாஹர்லால் நேருவால் திறந்து வைக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவின் ஆரம்பகாலப் பெரிய ஆய்வு நிலையங்களில் ஒன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற முரளி சாஸ்திரி இங்கே பணியாற்றியபோது, பூசணங்களைத் தெரிந்த அப்சர் அகமதுவோடு கைகோத்தார். 2001-ல் வெர்டிசீலியம் என்ற பூசணம் வெள்ளி, தங்கத் துகள்களை உண்டாக்குவதை இந்தக் குழு காட்டியது. அதில் ஒரு சங்கடம். துகள்கள் பூசணத்தின் உடலுக்குள்ளேயே தங்கிவிட்டன. அவற்றை எடுக்கப் பூசணத்தை உடைத்தாக வேண்டும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஃப்யூசேரியம் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. அது தன் புரதங்களை வெளியே நீரில் விட, தங்கமும் வெள்ளியும் அங்கேயே துகளாயின. வடிகட்டினால் போதும்.

பிறகு இலைகள். ஜெரேனியம், எலுமிச்சம்புல், வேம்பு. 2004-ல் எலுமிச்சம்புல் சாற்றில் தங்க உப்பைக் கலந்தபோது முக்கோணத் தகடுகளாகத் தங்கம் படிந்ததை இக்குழு ‘நேச்சர் மெட்டீரியல்ஸ்’ இதழில் எழுதியது உலகம் முழுதும் பேசப்பட்டது. அதற்குமுன்பே, 2002-ல், சாஸ்திரிக்குப் பட்நாகர் விருது கிடைத்திருந்தது.

இதற்குப் பிறகு இரும்பு. வெள்ளியைத் துகளாக்குவது ஒருவகையில் சல்லிசான வேலை. உப்பிலிருக்கும் வெள்ளி உலோகமாக மாறத் தயாராகவே இருக்கும். இலைச்சாறு லேசாகத் தள்ளிவிட்டால் போதும். இரும்பின் சுபாவம் நேர்மாறானது. துருப்பிடிக்கவே விரும்பும். போதாததற்கு, மேக்னடைட்டில் இரண்டு வகை இரும்பும் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் வந்து உட்கார வேண்டும். விகிதம் தவறினால் கிடைப்பது செந்துரு.

இயற்கையில் இதைச் செய்யத் தெரிந்தவை உண்டு. உடலுக்குள் காந்த ஊசி வைத்துக்கொண்டு பூமியின் காந்தப் புலத்தைப் பிடித்தபடி நீந்தும் பாக்டீரியாக்களை அமெரிக்காவின் ரிச்சர்ட் பிளேக்மோர் 1975-ல் ‘சயன்ஸ்’ இதழில் விவரித்தார். அவை செய்யும் துகள்களின் அளவு அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்கும். ஆனால் ஆக்ஸிஜன் அதிகம் இருந்தால் அவற்றுக்கு ஆகாது, மெதுவாக வளரும், தொழிற்சாலைக்கு இழுத்து வருவது கஷ்டம். காற்று தாராளமாக உள்ள சூழ்நிலையிலேயே ஆக்டினோபாக்டர் என்ற பாக்டீரியா மேக்னடைட் செய்வதைப் புனே குழு 2005-ல் காட்டியபோது அது செய்தியானதற்குக் காரணம் இதுதான். அந்த வேலையில் புனே பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் யோகேஷ் ஷௌச்சேயும் இருந்தார். மறு ஆண்டு ஃப்யூசேரியமும் வெர்டிசீலியமும் அந்த வரிசையில் சேர்ந்தன. பூசணங்கள் வெளியிடும் நேர்மின்னூட்டப் புரதங்கள், எதிர்மின்னூட்டம் கொண்ட இரும்புச் சேர்மங்களைப் பிடித்து, நீரின் துணையோடு உடைத்துப் படிகமாக்கின.

சிக்கலும் அதே கட்டுரையில் இருந்தது. பூசணம் செய்த துகள்களில் தானாக நிலைபெறும் காந்தத்தன்மை, தாழ்ந்த வெப்பநிலையில் அளந்தபோதும், மிக அற்பமாகவே இருந்தது. ஃப்யூசேரியம் தந்தவை 20 முதல் 50 நானோமீட்டர் வரை ஒழுங்கற்ற உருண்டைகள். வெர்டிசீலியம் தந்தவற்றில் 100 முதல் 400 நானோமீட்டர் வரை பெரியவையும் கலந்திருந்தன. காந்தச் சூட்டுக்கு வேண்டியது ஒரே அளவு, நல்ல காந்தத்தன்மை. அளவு சிறிது மாறினாலும் சூடாகும் திறன் தலைகீழாக மாறிவிடும். படிகம் செய்யும் வித்தை பூசணத்துக்குத் தெரிந்திருந்தது. நல்ல காந்தம் செய்யும் வித்தை தெரியவில்லை. ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. கட்டுரைச் சுருக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். அவர்களை மேற்கோள் காட்டிய பலர்தான் அந்த வரியை விட்டுவிட்டார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். பூசணத்துக்கு ஊட்டிய இரும்பு, பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஃபெர்ரோசயனைடும். பெயரில் சயனைடு இருந்தாலும் அது இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் உயிர் குடிக்கும் சயனைடு போன்றதல்ல. இருந்தாலும், ‘பச்சை வழி’ என்ற சொல் எதை மூடுகிறது, எதைக் காட்டுகிறது என்று கேட்பதில் தப்பில்லை.

சாஸ்திரி பின்னர் டாட்டா கெமிக்கல்ஸின் புனே ஆய்வு மையத்துக்குச் சென்றார். 2009 இறுதியில் டாட்டா குழுமம், நெல் உமிச் சாம்பலில் நானோ வெள்ளி ஏற்றிய குடிநீர் வடிகட்டியை ஆயிரம் ரூபாய்க்கும் குறைந்த விலையில் கடைக்குக் கொண்டுவந்தது. வெள்ளித் துகள் சமையலறைக்கு வந்துவிட்டது. பூசணத்தின் இரும்புத் துகள் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கவில்லை. வடிகட்டியை யாரும் நரம்பில் ஏற்றிக்கொள்வதில்லை என்பது முக்கியமான வித்தியாசம்.

அப்சர் அகமது பூசணங்களை விடவில்லை. வெப்பத்தை விரும்பும் ஹ்யூமிகோலா என்ற பூசணத்தைக் கொண்டு கடோலினியம் ஆக்ஸைடு துகள்கள் செய்து, அவற்றோடு டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்தைப் பிணைத்து, அந்தத் துகள்கள் எலிகளின் உடலில் எங்கெங்கே போய்ச் சேருகின்றன என்று அளந்த ஆய்வு 2014-ல் வெளியானது. கடோலினியம் எம்.ஆர்.ஐ. படங்களைத் துலக்கப் பயன்படும் உலோகம். எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்வியைக் கேட்டதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இந்தத் துறையில் அதைக் கேட்பவர்கள் சிறுபான்மை.

பெரும்பான்மையினர் என்ன செய்கிறார்கள்? புனேயின் வெற்றிக்குப் பிறகு இலைச்சாறு வழி ஒரு படையெடுப்பாகவே ஆகிவிட்டது. கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கு அது கட்டுப்படியாகிறது. பூசணம் வளர்க்கும் தொல்லை இல்லை. இலையைப் பறித்து, கழுவி, கொதிக்க வைத்து, வடிகட்டி, இரும்பு உப்பை ஊற்ற வேண்டியது. கரைசல் சட்டென்று கறுக்கும். நானோ துகள் தயார் என்று எழுதிவிடலாம்.

அந்தக் கறுப்பை நம்பக் கூடாது என்று தமிழ்நாட்டுச் சமையலறைகளுக்கு எப்போதோ தெரியும். இரும்புச் சட்டியில் நெல்லிக்காயை வதக்கினால் கறுக்கிறது. அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கினால் கறை படிகிறது. தாளில் எழுதிய நம் முன்னோர், கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைப் போட்டு மை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டால் கறுப்பு வருகிறது. இலைச்சாற்றுக் குடுவையிலும் பல சமயம் நடப்பது இதுவே. கிடைத்திருப்பது காந்தம் அல்ல, மை. யூகலிப்டஸ் இலைச்சாற்றை வைத்துச் செய்த துகள்களை ஆராய்ந்து 2013-ல் வெளியான கட்டுரை ஒன்று, அவை இரும்பும் இலைப் பொருளும் பிணைந்த கூட்டுப் பொருள் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டது.

எக்ஸ்ரே விளிம்பு விலகல் சோதனையில் படிகம் தெரிய வேண்டும். காந்தமானியில் எண் வர வேண்டும். இரண்டும் இல்லாத கறுப்பு நீரைக் காந்தத் துகள் என்று சொல்வது, மைப்புட்டியைப் பேனா என்று சொல்வது போல.

இரண்டும் வருகிற கட்டுரைகளும் உண்டு. அவற்றில் செய்முறைப் பகுதியைப் படித்தால் அடிக்கடி ஒரு வரி தென்படும்: கடைசியில் சோடியம் ஹைட்ராக்ஸைடோ அமோனியாவோ சேர்க்கப்பட்டது. பிரான்ஸின் ரெனே மஸார் 1981-ல் சொன்ன முறை அதுதான். இரண்டு இரும்பு உப்புகளையும் கலந்து காரத்தை ஊற்றினால், இலை இல்லாமலேயே, நிமிடங்களில், அறை வெப்பநிலையில் மேக்னடைட் வரும். அப்போது இலைக்கு என்ன வேலை? துகளின் மேல் ஒரு போர்வை போர்த்துவது. துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. உருப்படியான வேலைதான். சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்வது போன்ற காரியங்களுக்கு அது போதுமானதாகக்கூட இருக்கலாம். காந்தத்தைச் செய்தது இலை என்பது மட்டும் சரியல்ல. உயர்தரத் துகள் வேண்டுமென்றால் இன்றும் விஞ்ஞானிகள் நாடுவது, இரும்புச் சேர்மத்தை எண்ணெய் போன்ற கரைப்பானில் 300 டிகிரிக்கு மேல் கொதிக்க வைக்கும் முறையைத்தான். பச்சையின் வாசனையே அதில் கிடையாது. ஆனால் துகள்கள் முத்துக் கோத்தது போல ஒரே அளவில் வரும்.

அடுத்து வருவது அந்தப் புகழ்பெற்ற வாக்கியம்: புற்றுநோய் செல்கள் மடிந்தன. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள் அவை. அந்தத் தட்டில் பிளீச்சிங் பவுடரைப் போட்டாலும் மடியும். நல்ல செல்களை விட்டுவிட்டுக் கெட்ட செல்களை மட்டும், உடலுக்குள் கிடைக்கக்கூடிய அளவிலேயே கொல்கிறதா என்பதுதான் கேள்வி. தட்டில் துகளுக்கும் செல்லுக்கும் நடுவே எதுவும் இல்லை. உடலிலோ நடுவே கல்லீரல் இருக்கிறது, மண்ணீரல் இருக்கிறது, அந்நியமாக எது வந்தாலும் விழுங்கிவிடும் காவல் செல்கள் இருக்கின்றன. பத்து ஆண்டுகளில் வெளியான விலங்கு ஆய்வுகளை டொரான்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சான் குழுவினர் திரட்டிப் பார்த்து 2016-ல் வெளியிட்ட கணக்கு இத்துறையையே உலுக்கியது. ரத்தத்தில் செலுத்திய நானோ துகள்களில் கட்டியை அடைந்தது, இடைநிலைக் கணக்கில், வெறும் 0.7 சதவீதம். அதாவது ஆயிரத்தில் ஏழு. கட்டியைச் சூடாக்க அந்த ஏழு போதாது.

போர்வையும் பிரச்னை. பூசணத்தின் புரதமோ இலையின் துவர்ப்போ துகளின் மேல் ஒட்டியே வருகிறது. எந்தப் புரதம், எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொல்ல முடியாது. சித்திரையில் பறித்த வேப்பிலையும் ஐப்பசியில் பறித்ததும் ஒன்றல்ல. கரிசல் மண் வேம்பும் செம்மண் வேம்பும் ஒன்றல்ல. மருந்து அதிகாரிகள் முதலில் கேட்பது, நேற்றுச் செய்ததும் நாளை செய்வதும் ஒன்றாக இருக்குமா என்பதைத்தான். மிகக் கட்டுப்பாடாகச் செய்த துகள்கூடத் தப்பவில்லை. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக அமெரிக்காவில் 2009-ல் அனுமதி பெற்ற ஃபெருமாக்ஸிடால் என்பது சர்க்கரைப் பொருள் போர்த்திய இரும்பு ஆக்ஸைடு நானோ துகள். சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை ஏற்பட்டதால் 2015-ல் அதன் மேல் கடுமையான எச்சரிக்கை அச்சிடும்படி ஆயிற்று. அந்நியப் புரதம் போர்த்திய துகள் என்ன செய்யும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

நோயாளி வீட்டில் இது வேறு உருவம் எடுக்கிறது. வேப்பிலையால் செய்த துகள் என்பது வேப்பிலை என்றாகி, வேப்பிலைச் சாறு குடித்தால் புற்றுநோய் போகும் என்றாகிவிடுகிறது. சாறு குடித்தால் வயிற்றுக்குள் எந்தக் காந்தத் துகளும் உருவாவதில்லை. அயச்செந்தூரத்தைக் காட்டி இதெல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்பவர்களும் உண்டு. அது ரத்தசோகைக்கு வழங்கிவந்த இரும்பு மருந்து. கட்டியைச் சூடேற்றும் கருவி அல்ல. பேச்சோடு நின்றால் பரவாயில்லை. அறுவைக்கு நாள் குறித்த பிறகு ‘ஒரு மண்டலம் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடும்போது, கையோடு முடிந்திருக்கக்கூடிய கட்டி கழுத்துக் கணுக்களுக்கு இறங்கிவிடுகிறது.

காந்தச் சூடு மனிதர்களிடம் முயலப்படவே இல்லையா? முயலப்பட்டது. பெர்லினில் ஆந்த்ரேயாஸ் ஜோர்டான் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய முறைக்கு, மூளைக் கட்டிகளுக்காக, 2010-ல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. 12 நானோமீட்டர் துகள்கள். ரத்தத்தில் விட்டுத் தேட விடவில்லை. மண்டை ஓட்டின் வழியே நேரே கட்டிக்குள் ஊசியால் செலுத்தினார்கள். பிறகு நோயாளியைக் காந்தப் புலம் உண்டாக்கும் பெரிய இயந்திரத்தில் படுக்க வைத்தார்கள். கூடவே கதிர்வீச்சு. கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக் கட்டி திரும்ப வந்த 59 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2011-ல் வந்தது. நோய் திரும்பியது தெரிந்த நாளிலிருந்து இடைநிலைக் கணக்கில் 13.4 மாதங்கள் உயிரோடிருந்தார்கள். முந்தைய சிகிச்சைகளோடு பார்த்தால் நல்ல எண். ஆனால் அருகருகே வைத்து ஒப்பிட இன்னொரு குழு அந்தச் சோதனையில் இல்லை. சிகிச்சைக்கு முன் பல்லில் அடைத்த உலோகத்தை எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் சூடாகும். சிகிச்சைக்குப் பின் மூளையில் இரும்பு தங்கிவிடுவதால் அந்த இடத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க முடியாது. இதைச் சந்தைப்படுத்திய மேக்ஃபோர்ஸ் நிறுவனம் 2022-ல் திவால் மனு போட்டது.

புனேக்கே திரும்பினால், பூசணமும் இலையும் இல்லாத இன்னொரு வழி அகர்கர் ஆய்வு நிலையத்தில் முயலப்பட்டது. 1946-ல் மகாராஷ்டிர விஞ்ஞான வளர்ச்சிச் சங்கமாகத் தொடங்கி, தாவரவியலாளர் அகர்கரின் பெயரை 1992-ல் சூட்டிக்கொண்ட நிலையம் இது. அதன் இயக்குநராகவும் இருந்த கிஷோர் பாக்னிகரின் குழு, காந்தச் சூட்டின் ஆதாரமான பயத்தை எடுத்துக்கொண்டது. சூடு எல்லை மீறினால் என்ன செய்வது? எந்தக் காந்தப் பொருளுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதைத் தாண்டினால் அதன் காந்தத்தன்மை செத்துவிடும். மேக்னடைட்டுக்கு அது சுமார் 585 டிகிரி. உடலில் அதற்குள் எல்லாமே வெந்துவிடும். லான்தனம், ஸ்ட்ரான்ஷியம், மாங்கனீஸ் ஆகியவற்றின் ஆக்ஸைடில் இந்த எல்லை மிகவும் தாழ்ந்தது. கலவையின் விகிதத்தை மாற்றி அதை இன்னும் கீழே இறக்கலாம். தெர்மோஸ்டாட் வைத்த இஸ்திரிப் பெட்டி போல, துகளே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. டெக்ஸ்ட்ரான் போர்த்திய இத்தகைய துகள்களைக் கொண்டு எலிகளின் தோல் புற்றுக் கட்டிகளைச் சூடாக்கி, வளர்ச்சியைத் தடுத்ததை 2016-ல் இக்குழு வெளியிட்டது. எலிக்கும் மனிதனுக்கும் நடுவே இன்னும் நீண்ட பாதை. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

இவை எல்லாவற்றையும் முந்திக்கொண்டு புற்றுநோயாளிகளிடம் வந்து சேர்ந்த காந்தத் துகள்கள் அடக்கமான வேலை செய்பவை. மார்பகப் புற்று எந்த நிணநீர்க் கணுவுக்கு முதலில் பரவும் என்று கண்டுபிடிக்கச் செலுத்தும் பழுப்பு நிற இரும்புத் திரவம் ஒன்றுக்கு 2018-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அது எதையும் கொல்வதில்லை. அறுவை மருத்துவருக்கு வழி காட்டுகிறது. கட்டியிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் திரியும் செல்களைப் பிடிக்கும் சோதனை 2004 முதலே அமெரிக்காவில் இருக்கிறது. வைக்கோல்போரில் ஊசி தேடுவது என்பார்களே, அதைவிட மோசமான தேடல். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்கள். அந்தச் சோதனைக்கு எடுக்கும் ஏழரை மில்லிலிட்டரில் புற்றுச் செல்கள் ஐந்தோ பத்தோ இருந்தாலே அதிகம். காந்தத் துகளின் மேல், புற்றுச் செல்லை மட்டும் அடையாளம் தெரிந்து ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தைப் பொருத்தி ரத்தத்தில் கலக்கிறார்கள். குழாயின் பக்கவாட்டில் காந்தம். ஒட்டிக்கொண்ட செல்களை அது இழுத்து நிறுத்திக்கொள்ள, மற்ற ரத்தம் கழுவப்பட்டுப் போகிறது.

இந்த வழியில் இந்தியாவுக்கென்று ஒரு சோதனையைப் புனேயைச் சேர்ந்த ஆக்டோரியஸ் நிறுவனம் உருவாக்கி, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் பெற்றிருக்கிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் வாய்ப் புற்றுநோயாளிகளிடம் அது ஆராயப்பட்டிருக்கிறது. கட்டி எவ்வளவு முற்றியிருக்கிறது, யாருக்கு நோய் மோசமாகப் போகக்கூடும் என்பதற்கு இந்தச் செல்களின் எண்ணிக்கை துப்புக் கொடுக்குமா என்பதே ஆராயப்பட்டது. புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல இன்றும் திசுவை வெட்டியெடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான்.

இங்கே துகள் கல்லீரலைத் தாண்ட வேண்டியதில்லை. காவல் செல்களுக்குத் தப்ப வேண்டியதில்லை. யாருக்கும் ஒவ்வாமை வராது. நோயாளியின் கையிலிருந்து ரத்தம் வெளியே வந்த பிறகுதான் அதன் வேலை ஆரம்பிக்கிறது. செல்களை எண்ணி முடித்ததும், குழாயோடு சேர்ந்து அதுவும் ஆஸ்பத்திரிக் கழிவுப் பையில் போய் விழுகிறது.